பெரிய நன்னா ஹக்கீம்

…அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளே விளக்கு வேறு போட்டு, மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்திலேயே வைக்கப்போகிறாளாம், எண்ணூறு பேர் வருகிற கல்யாணம், அதில் பாதி மாப்பிள்ளை வீட்டார், அந்தப் பாதியில் நூறு பேராவது நரைத்த ஆண்கள், அவர்கள் அத்தனை பேரும் அந்த மூங்கில் துண்டைப் பார்த்த மாத்திரத்தில் என்னவென்று கண்டுகொள்வார்கள், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்ததுதான், ஏழு வயதிலோ எட்டு வயதிலோ, ஆனால் எந்த ஆண்பிள்ளை அதை மறப்பான்… சுன்னத் செய்யும்போது நுனித்தோலை இழுத்துக் கவ்விப் பிடிக்கிற கவை அது, நடுவில் பிளந்த மூங்கில், இன்னும் வழவழவென்று இருக்கிறது. என் மகள் டாக்டர் ஷஹானா அதற்குச் சீட்டு அடித்து வைத்திருக்கிறாள், தமிழ், மலாய், இங்கிலீஷ் என்று மூன்று மொழியில், ‘விரல் எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் மூங்கில் சிம்பு, சுமார் 1930’. ஐந்து வருஷம் மருத்துவம் படித்தவள், கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் ராவும் பகலும் வேலை பார்க்கிறவள், விரலாம். நேற்று அந்தச் சீட்டை என்னிடம் காட்டியபோது சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடுத்த நிமிஷம் அந்த நரைத்த தலைகள் ஞாபகம் வந்தன. இப்போது அவள் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருக்கிறாள், நான் வண்டி ஓட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக்கூட ஃபெடரல் ஹைவேயில் ஜாம், பிரிக்பீல்ட்ஸில் கிளம்பி அரை மணி நேரமாயிற்று, இன்னும் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டவில்லை. தாண்டாமலே இருந்தால்கூட நல்லதுதான்.

காப்பாரில் ஒருவர் காத்திருக்கிறார், அழகிரி என்று பெயர், எழுபத்தெட்டு வயது, லோரி ஓட்டி ஓய்ந்தவர், என் பாட்டனார் மீரா மைதீனை நேரில் கண்ட மனிதர்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். இவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? பழைய காப்பார்த் தோட்டத்து ஆட்கள் கூடுகிற ஃபேஸ்புக் பக்கத்தில் பாட்டனாரின் படத்தைப் போட்டாளாம், கறுப்புக் கோட்டு, குல்லா, சைக்கிள், சைக்கிளின் பின்சீட்டில் கட்டிய தோல் சுருள், கீழே ‘என் கொள்ளுப்பாட்டனார் டாக்டர் மீரா மைதீனை யாருக்காவது தெரியுமா’ என்று ஒரு வரி. மூன்றாம் நாள் மலர் என்றொரு பெண் பதில் போட்டிருக்கிறாள், எங்க மாமனாருக்கு நல்லாத் தெரியும், நேர்ல வாங்க, நெறைய சொல்வாரு என்று. நிறையச் சொல்வாராம்… அதுதானே என் கவலை. நேற்று ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு வந்தவள், தூங்கச் சொன்னால் தூங்கவில்லை, கேள்வி எழுதுகிறாள், என்ன நோய்க்கு என்ன மருந்து கொடுத்தார், எத்தனை பேர் வருவார்கள், யாரிடம் படித்தார். கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, மற்ற பெண்கள் மருதாணிக்கு ஆள் தேடுவார்கள், இவள் மூதாதையரைத் தேடுகிறாள். பின்னால் திரும்பிப் பார்த்தேன், பின்சீட்டில் அந்தத் தோல் சுருள் படுத்திருக்கிறது, உள்ளே பாட்டனாரின் கத்தி கத்தரியெல்லாம், குழந்தைக்குப் போடுகிற மாதிரி அதற்கு பெல்ட்டு போட்டு வைத்திருக்கிறாள். இவள்மேல் எப்படிக் கோபம் வரும்?

குற்றம் என்னுடையது, அதில் சந்தேகமே இல்லை. ஆறு வயதில் பள்ளிக்கூடத்து ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள், ரத்தத்தைப் பார்த்து வீடே கிடுகிடுக்க அலறல், என் மனைவி பாத்திமா சமாதானம் சொல்லிப் பார்த்தாள், முடியவில்லை, நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நம்ம டாக்டர் குடும்பம்டா, ரத்தத்தப் பாத்து அழலாமா, ஒன் நன்னா டாக்டரு, பெரிய நன்னா ஹக்கீம், ராஜாவுக்கே வைத்தியம் பாத்தவரு. எந்த ராஜா என்று நல்லவேளை கேட்கவில்லை. அழுகை நின்றது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் முழங்காலையே குனிந்து பார்த்தாள், ஒரு விரலால் மெல்லத் தொட்டும் பார்த்தாள், அந்த நிமிஷம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்குப் பிறகு என் கர்ட்டன் கடையில் வெட்டி விழுகிற துணியெல்லாம் பொம்மைகளுக்குக் கட்டு, பூனைக்குக் கட்டு, ஒருநாள் நான் பகலில் கண்ணயர்ந்து எழுந்தால் என் கணுக்காலில் பூப்போட்ட வெல்வெட் கட்டு. வாடிக்கையாளர் வந்து நிற்கிறார், நான் அதோடு நொண்டிக்கொண்டே போய் அளவு எடுத்தேன். ஒரு பொய் சொன்னேன், அதிலிருந்து ஒரு டாக்டர் வந்தாள். அப்படியானால் அது பொய்தானா? சும்மா இரு ஜெய்னு, பொய்தான்.

என் தகப்பனார் டாக்டர் இல்லை, காப்பார்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், புண் கட்டுவார், ஊசி போடுவார், பிரசவம்கூடப் பார்த்திருக்கிறார், லயத்துச் சனங்கள் அவரை டாக்டரையா என்றுதான் கூப்பிட்டார்கள், அதனால் அதைப் பெரிய பொய் என்று சொல்ல முடியாது. பாட்டனார் சங்கதிதான் வேறு. அவர் ஒஸ்தா. கப்பலில் வந்து கிள்ளானில் இறங்கி, சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், மரத்தடியில் கண்ணாடி மாட்டி முடி வெட்டினார், சவரம் செய்தார், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்தார். கூடவே கட்டி கீறுவது, பல் பிடுங்குவது. எங்கள் ஆட்களில் ஒஸ்தா இல்லாமல் ஒரு பிள்ளையும் வளர்ந்ததில்லை, ஆனால் ஒஸ்தா வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள், தொழும்போது தோளோடு தோள் நிற்பார்கள், சாப்பாடு என்று வந்தால் கண் வேறு பக்கம் போகும். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. ஏழு வயதில் தங்களைப் பிடித்து வெட்டியவர் என்கிற கோபமோ என்னவோ… இல்லை, விளையாட்டுக்குச் சொல்கிறேன், அது விளையாட்டு இல்லை.

காலையில் பாத்திமா அதைப் பற்றித்தான் பேச்செடுத்தாள், வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே. அவளுக்குத் தெரியும், கல்யாணமான மூன்றாம் மாதமே யாரோ ஒரு மாமி காதைக் கடித்துவிட்டாள், அவள் என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி, அப்ப ஒங்களுக்கு முடி வெட்ட வருமா, சலூனுக்குக் குடுக்குற காசு மிச்சமாச்சே… அவ்வளவுதான், முப்பத்திரண்டு வருஷமாக அதைப் பற்றி இரண்டாவது வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குப் பேசினாள். “இங்க பாருங்க, அந்த லோரிக்கார அண்ணே சொல்லி அவ தெரிஞ்சுக்கக் கூடாது. போற வழியில நீங்களே சொல்லிருங்க. சொல்லாம வந்தீங்கன்னா சோத்துக்கு ஒக்கார்றப்ப நான் சொல்லிருவேன்.” அவள் சொன்னால் செய்வாள். நாற்பது கிலோமீட்டர், ஜாமோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம், அதற்குள் ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா? ஒன் பெரிய நன்னா ஹக்கீம் இல்லம்மா, முடி வெட்டுறவரு. முடிந்தது. இதில் என்ன கஷ்டம்? வாயைத் திறந்தேன்… “அத்தா, லெஃப்ட் லேன்ல போங்க, அதுதான் ஓடுது” என்றாள், நான் இடது பக்கம் போனேன்.

இவள் அத்தா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு என் அத்தா ஞாபகம் வந்துவிடுகிறது, எழுபத்தைந்தாம் வருஷம், எனக்குப் பன்னிரண்டு வயது, கிள்ளானில் ஒரு கல்யாணம். சஹன் விரித்திருந்தார்கள், பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு, நடுவில் கறி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். அத்தாவும் நானும் உட்கார்ந்தோம், எதிரே இரண்டு இடம் காலி. ஒருவர் வந்தார், குனிந்தார், அத்தாவின் முகத்தைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த சஹனுக்குப் போனார். இன்னொருவர் வந்தார், அவரும் போனார். மூன்றாவது ஆள் எங்கள் தோட்டத்துக்காரர், அத்தாவிடம் ஊசி போட்டுக்கொண்டு பிழைத்தவர், அவர் உட்காரப் போனார், பின்னாலிருந்து யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சோற்றிலிருந்து ஆவி அடங்கிவிட்டது, அத்தா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், “நம்ம ரெண்டு பேருக்கே முழுச் சஹன், இன்னைக்கு நமக்கு யோகம்டா” என்றார், நெஞ்செலும்புக் கறியாகப் பொறுக்கி என் பக்கம் தள்ளினார், நன்றாகவே சாப்பிட்டார், விரலைக்கூடச் சூப்பினார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் நான் ஏன் என்று கேட்டேன், அவர் ஒளிக்காமல் சொன்னார், ஒன் பாட்டன் ஒஸ்தாடா, அதான், இதுல அழுறதுக்கு ஒண்ணுமில்ல. நான் அழுதேன். அவருக்கு வலிக்கவில்லையா? வலித்திருக்கும்… வலித்தும் கண்ணடித்தாரே, அந்த மனுஷன்.

பதினெட்டு வயதில் ஆஸ்பத்திரி வேலைப் பயிற்சிக்கு மனு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார், நிரப்பித் தரச் சொன்னார், நான் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்து ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டேன். ரத்தம் கண்டால் பயம் என்று அவரிடம் சொன்னேன். ரத்தத்துக்கா பயந்தேன்? கத்தியைக் கையில் எடுத்தால் பாட்டன் தொழில் என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். துணியை வெட்டினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஷஹானா எல்லாரிடமும் வேடிக்கையாகச் சொல்வாள், எங்க குடும்பத்துல மூணு தலைமுறை டாக்டருங்க, அத்தா மட்டும் நடுவுல கர்ட்டன் போட்டுட்டாங்க என்று. சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அத்தா கடைசிவரை அந்த மனுவைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை.

மாப்பிள்ளை நல்ல பையன், சாதிக், அவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, கவலை அவன் அம்மா சல்மாதான். தமிழ்நாட்டிலிருந்து வந்து இருபது வருஷம்தான் ஆகிறது, சாப்பாட்டுக் கடை வைத்து ஓகோவென்று இருக்கிறார்கள், கடற்கரைக்காரர்கள், எங்கள் பூர்வீக ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. நல்ல மனுஷிதான், பெண் பார்க்க வந்த அன்று ஷஹானாவைக் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள், அப்புறம் என் பக்கம் திரும்பி, “எந்தத் தெருவு நீங்க? யாரு வூட்டுப் புள்ளைங்க?” என்றாள். இங்கே யாரும் அந்தக் கேள்வி கேட்பதில்லை, இங்கே எந்த தாமான் வீடு, எந்த பிளாட் என்றுதான் கேட்பார்கள். பெரிய தெரு என்றேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து, அங்கேதான் ஒஸ்தாமார்கள் இருந்தார்கள் என்று அத்தா சொல்லியிருக்கிறார், நான் அந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை, பார்க்காத ஊரில் இல்லாத வீட்டைக் கட்டி அதில் ஒரு ஹக்கீமைக் குடிவைத்துவிட்டேன். சல்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவளுடைய அண்ணன் தம்பிமார் கல்யாணத்துக்கு விமானம் ஏறி வருகிறார்கள், ஏழு பேர், அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும்.

ஷா ஆலாம் பள்ளிவாசலின் நீலக் குவிமாடம் வந்தது, போயிற்று. மழை பிடித்துக்கொண்டது. சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு, வைப்பர் சத்தத்தில் குரல் நடுங்கினாலும் தெரியாது. “ஷஹானா, ஒன் பெரிய நன்னா இருக்காருல்ல…” என்று ஆரம்பித்தேன். “ம்ம்.” “அவரு வந்து, அந்தக் காலத்துல எல்லா வேலையும் பாத்திருக்காரு.” “மல்ட்டிடாஸ்கிங் லா அத்தா, நாங்களும் அப்படித்தான், வார்டுல பெட்டுகூடத் தள்றோம்” என்று சிரித்தாள். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், போன மாதம் ஒரு குழந்தை அவள் கையிலேயே போய்விட்டதாம், எங்களிடம் சொல்லவில்லை, கழிவறையில் போய் உட்கார்ந்து இனி இந்த வேலை வேண்டாம் என்று நினைத்தாளாம், அப்போது பெரிய நன்னாவை நினைத்துக்கொண்டாளாம். “மிஷின் இல்ல, லேப் இல்ல, சைக்கிள்ள போயிருக்காரு, அவரு கையிலயும் ஆளுங்க செத்திருப்பாங்கல்ல? மறுநாள் திரும்பச் சைக்கிள எடுத்திருப்பாரு இல்ல, அப்படின்னு நெனச்சேன். எந்திரிச்சு வார்டுக்குப் போயிட்டேன்.” நான் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? இவள் சாய்ந்து நிற்கிற சுவரை நான் எப்படிப் பிடுங்குவது… கிள்ளான் பாலம் வந்தது, ஆறு கலங்கி ஓடியது, மேரு பக்கம் திரும்புகிற லோரிகள் வரிசையாக நின்றன, நான் காப்பார்ப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

அழகிரி அண்ணன் வீடு காப்பார் ரோட்டிலிருந்து உள்ளே, வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள், பந்தல் போட்ட முன்கட்டு. மலர் தேநீரும் கறிபாப்பும் கொண்டுவந்து வைத்தாள், அண்ணன் கைலியும் பனியனுமாக வந்தார், ஆள் இன்னும் கட்டுமஸ்தாக இருக்கிறார், என்னைப் பார்த்ததும் “டிரஸ்ஸரையா மவனா நீ? அதே மூக்கு” என்றார், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை. ஷஹானா போனைப் பதிவுக்குப் போட்டு அவர் எதிரே வைத்தாள், தோல் சுருளை மேசையில் விரித்தாள், கத்தி, கத்தரி, முள்ளெடுக்கிற சாவணம், அந்தக் கவை. “அங்கிள், எங்க பெரிய நன்னா டாக்டர் மீரா மைதீனப் பத்தி சொல்லுங்க.” அண்ணன் புருவத்தைச் சுளித்தார். “டாக்டரா? யாரும்மா அது?” படத்தைக் காட்டினாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, ரொம்ப நாள் கழித்து ஒரு கூட்டாளியைக் கண்டவர் சிரிக்கிற சிரிப்பு. “அட, நம்ம ஒஸ்தா பாயி! முடி வெட்டுற பாயிம்மா இவரு. ஞாயித்துக்கெழம ஆனா எங்க லயத்துக்கு வந்துருவாரு, எல்லாப் பயலுக்கும் ஒரே வெட்டு, சட்டி வச்ச மாதிரி. ஒங்க ஆளுங்க புள்ளைங்களுக்குச் சுன்னத்து பண்றதும் இவருதான்.” நான் தரையைப் பார்த்தேன், சிமெண்டுத் தரையில் ஒரு எறும்பு கறிபாப்புத் தூளை இழுத்துக்கொண்டு போனது, அது எங்கே போகிறது என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு அக்கறையே இல்லாதது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஷஹானாவின் குரல், வார்டில் கேட்கிற குரல் அதுவாகத்தான் இருக்கும், வீட்டில் நான் கேட்டதில்லை. “அங்கிள், ஒங்களுக்கு அவரு ஏதாச்சும் வைத்தியம் பண்ணாரா?” பண்ணாரே என்று அண்ணன் பனியனைத் தூக்கிக் கையை உயர்த்தினார். எட்டு வயதில் அக்குளில் கட்டியாம், கையைக் கீழே இறக்க முடியாமல் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாராம், கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்களாம், அவர் அம்மா மாட்டேன் என்றுவிட்டாளாம், ஞாயிற்றுக்கிழமை ஒஸ்தா வந்தார், மண்ணெண்ணெய் அடுப்பில் கத்தியைக் கொதிக்க வைத்தார், அப்பாவை விட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளச் சொன்னார், ஒரே கீறல். ஷஹானா எழுந்து போய் அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள், தழும்பைக் கட்டை விரலால் தடவினாள், திரும்பவும் தடவினாள். “இங்க பெரிய ரத்தக்குழாய் ஓடுது அங்கிள். அரை இஞ்ச் தள்ளிப் போயிருந்தா நீங்க இன்னைக்கு இல்ல.” “அப்படியா? அந்தப் பாயி ஒண்ணும் சொல்லலியே” என்றார் அவர். “கத்தியக் கொதிக்க வச்சாரா? எல்லாருக்கும் வைப்பாரா?” “முடி வெட்டுற கத்தி வேற, இது வேற. இத யாரயும் தொட விட மாட்டாரு. அடுத்த ஞாயிறு வந்து மொதல்ல என்னையத்தான் பாத்தாரு, அப்புறந்தான் சைக்கிள விட்டு மாமன்மாருக்கு முடி வெட்டப் போனாரு.” அவள் கவையைக் கையில் எடுத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது?” அண்ணனுக்கு மறுபடி சிரிப்பு. “அது நமக்குத் தெரியாதும்மா, எங்க ஆளுங்களுக்கு அந்த வேல கெடயாது.” ஒரு விநாடி, இரண்டு விநாடி, ஷஹானாவின் முகம் சிவந்தது, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது, நான் பதறி எழுந்தேன், பார்த்தால் சிரிக்கிறாள். “யா அல்லா, மூணு மொழியில சீட்டு அடிச்சு வச்சிருக்கேன்!”

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “அத்தா, இது ஒங்களுக்குத் தெரியுமா?” அண்ணன் சொல்லியாயிற்று, அவள் அழவில்லை, சுவர் விழவில்லை, கதவு திறந்துதான் இருக்கிறது, ஆமாம்மா என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், வீட்டில் பாத்திமா வேறு சோற்றோடு காத்திருக்கிறாள், அரை நாளைக்கு மேல் நிற்காது என்று தெரிந்த பொய்யை எந்தப் புத்தியுள்ளவனாவது சொல்வானா… “தெரியாதும்மா” என்றேன். என் வாய்தான் சொன்னது. அவள் முகம் இளகிவிட்டது, நாற்காலியை இழுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள், என் முழங்காலோடு முழங்கால் இடிக்க, என் மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி பார்க்கிறாளா ஆறுதல் சொல்கிறாளா தெரியவில்லை. “ஷாக்கா இருக்கா அத்தா? பரவால்ல. ஒங்களுக்கு ஆஸ்பத்திரியிலதானே சுன்னத் பண்ணாங்க, நீங்க இத எங்க பாத்திருக்கப் போறீங்க. நன்னா ஒங்ககிட்ட மறைச்சிருப்பாங்க.” என் பொய்க்கு அவளே முட்டுக் கொடுத்தாள், அதுவும் என் அத்தாவின் தலையில் பழியைப் போட்டு. பஸ்ஸில் ஒளிக்காமல் சொன்ன மனுஷன் அவர். “மலரக்கா, கொஞ்சம் தண்ணி தாங்களேன்” என்றாள். நான் தண்ணீர் குடித்தேன்.

மழை விட்டிருந்தது. பந்தலுக்கடியில் நின்று சாதிக்குக்குப் போன் பண்ணினாள், எனக்கு அவள் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. ஆமா, ஒஸ்தா… இல்ல, சீரியஸா… ஏய், முடி வெட்டக் கத்துக்குடுக்கணுமா ஒனக்கு?… சிரித்தாள், பிறகு குரல் தணிந்தது. “ஒங்கம்மாகிட்ட நானே சொல்றேன். நாளைக்கு எனக்கு ஆஃப், நேர்ல வரேன்… பிடிக்கலேன்னா? தெரியல சாதிக், பாப்போம். ஆனா பெட்டி இருக்கும். சீட்டத்தான் மாத்தணும்… இல்ல, அத்தாவக் கூட்டிட்டு வரல. பாவம், அவங்களே இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க, தாங்க மாட்டாங்க.” தனியாகப் போகப் போகிறாள். நாளைக்குச் சல்மாவுக்கும், மூன்று வாரம் கழித்து அவளுடைய ஏழு அண்ணன் தம்பிமாருக்கும் முன்னால் என் மகள் தனியாகப் போய் நிற்கப் போகிறாள், என்னைப் பத்திரமாக வீட்டில் விட்டுவிட்டு. இருபத்தேழு வயது. என்னிடம் அந்தத் துணிச்சல் ஒருநாளும் இருந்ததில்லை, அது எங்கிருந்து வந்தது என்று தேட அவள் காப்பார் வரைக்கும் வர வேண்டியதே இல்லை, என் அத்தா உட்கார்ந்து முழுச் சஹனைச் சாப்பிட்டாரே, அவரிடமிருந்துதான் வந்திருக்கும், என்னைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறது.

அண்ணனிடம் விடைபெற்று வண்டியில் ஏறினோம், நான் சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். “நீங்க கவலப்படாதீங்க அத்தா. தெரிஞ்சே நீங்க மறைச்சிருந்தாத்தான் எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்.” சொல்லிவிட்டு இருக்கையைப் பின்னால் சாய்த்து, ராத்திரி முழுக்க விழித்தவள், கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது எழுப்பிச் சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போவதற்குள் சொல்லத்தான் வேண்டும், சொல்வேன், அது இல்லை என் யோசனை… இத்தனை வருஷமும் சனங்களுக்குப் பயந்துதான் மறைத்தேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன், சஹனுக்கு வராத ஆட்கள், தெரு கேட்கிற ஆட்கள், அவர்கள்மேல் எவ்வளவு கோபம் வைத்திருந்தேன். அந்தப் பந்தலில் அவர்கள் யாரும் இல்லையே. தழும்பைக் காட்டிச் சிரிக்கிற ஒரு மனிதர் இருந்தார், அந்தத் தழும்பைத் தொட்டுப் பெருமைப்படுகிற என் மகள் இருந்தாள். அப்படியானால் யாருக்குப் பயந்து தெரியாது என்றேன்? என் பாட்டனாரோடு ஒரே தட்டில் உட்கார மாட்டேன் என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தது யார்?